கடைமடையில் உட்கார்ந்திருந்தவர்

சித்திரை முதல் தேதி, ஏப்ரல் பதினான்கு, வெள்ளிக்கிழமை, காலை ஏழு பத்து. வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மூன்று நாளாக நின்றுபோயிருந்தது. மாந்தோப்புகளிலிருந்து வரும் மாங்காய்ப் பால் வாடை மட்டும் அசையாமல் கிடந்தது. நான் வாய்க்கால் கரையில் சாமியானாவின் கீழ் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை மூன்றாம் முறை எண்ணிக்கொண்டிருந்தேன். வாடகைக்கு வந்தது நாற்பது. மூன்று முறையும் முப்பத்தொன்பதுதான் வந்தது. நாற்பதாவதில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்பதை என் மனைவி வந்து சொன்னாள்.

முதலமடைக்கும் கோவிந்தாபுரத்துக்கும் நடுவே, எல்லையை ஒட்டி, கேரளப் பக்கம், எங்கள் ஊர். நாற்பத்தோரு வீடு. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் முப்பத்து மூன்று வருஷம் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் கிளை வாய்க்கால் ஊருக்குக் கிழக்கே வந்து முடிகிறது. அதற்குப் பிறகு வெறும் கற்றாழைதான். கடைமடை. மேலே நான்கு பிராஞ்ச் உண்டு. அவை குடித்து மிஞ்சியதுதான் எங்களுக்கு. இரண்டு வருஷமாக மிஞ்சவே இல்லை. வாய்க்காலில் ஈரம் ஓடினால்தான் எங்கள் கிணறுகள் ஊறும். அறுபத்து நான்கு தென்னை வைத்திருந்தேன். பதினொன்று பட்டுப்போய், நின்றது ஐம்பத்து மூன்று. இன்னொரு கோடை இப்படிப் போனால் மரமும் இல்லை, குடிக்கத் தண்ணீரும் இல்லை. வீடு வீடாகப் பூட்டிக்கொண்டு பொள்ளாச்சிப் பக்கம் போவதைத் தவிர வழியில்லை. ஆறு வீடு ஏற்கெனவே அப்படித்தான் போனது.

நாங்கள் மனுக் கொடுக்காமல் இல்லை. இங்கே அதை நிவேதனம் என்போம். கால்வாய் ஆபீசுக்கு ஒன்பது நிவேதனம் போயிற்று. 'கடைமடைவரை முறைப்படி தண்ணீர் செல்கிறது' என்று ஒன்பதுக்கும் ஒரே பதில் வந்தது. கடைசியில் பங்குனி மாசம் எம்.எல்.ஏ.வையே போய்ப் பார்த்தேன். அவர் காகிதத்தை வாங்கவில்லை.

“காகிதத்துல எல்லா வாய்க்காலும் நெறஞ்சுதான் ஓடுது, மாஷே. ஒரு நாள் சொல்லுங்க, வந்து பார்க்கறேன். என் கண்ணால பார்க்காததை நான் பேசறதில்லை” என்றார்.

மாஷ் என்றால் மலையாளத்தில் வாத்தியார். அவர் வீட்டில் மலையாளம், வயலில் தமிழ். இரண்டு மொழியிலும் அவர் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை.

எந்த நாள் என்று முடிவு செய்தது ஊர். சித்திரை ஒன்று, வருஷப் பிறப்பு நோம்பிக்கு எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். வாய்க்கால் காய்ந்து வெடித்துக் கிடப்பதை அவர் வந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான் எங்கள் திட்டம். எம்.எல்.ஏ. ஆபீசுக்குப் போன் செய்து தேதி சொல்லும் பொறுப்பு என்னுடையது. படித்தவன், மலையாளம் எழுதப் பேசத் தெரிந்தவன், கணக்குப் பிசகாதவன் என்று ஊரில் எனக்கு ஒரு பேர் இருந்தது.

எட்டு மணிக்கு ஜனங்கள் வந்து உட்கார்ந்தார்கள். அறுபது பேருக்குச் சமையல். வடை, பாயசம், மாங்காய்ப் பச்சடி. ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று. காத்திருக்கிற நேரத்தில் கவலைப்பட்டுக்கொண்டிருப்பது என் சுபாவம். ஆனால் அன்றைக்கு நான் அந்த மனிதரைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டுத் தேர்தலில் நின்று ஆறில் ஜெயித்தவர். மந்திரியானதில்லை. அவருடைய கட்சியைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லாததால், எட்டில் இரண்டு முறைதான் அவருக்கு ஓட்டுப் போட்டேன். அவர் முதல் முறை நின்றபோது நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருஷம். பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுக் கேட்க வந்தார். கூட வந்தவர்கள் பேசிக்கொண்டிருக்க, இவர் பள்ளிக்கூடத்துக் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். “எத்தனை கோல் ஆழம்?” என்று கேட்டார். சொன்னேன். ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். இருபது வருஷம் கழித்து அதே கிணற்றைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தபோது, நான் அன்று சொன்ன ஆழத்தைச் சரியாகச் சொன்னார். எனக்கே மறந்துபோயிருந்தது. வீட்டுக்கு வந்து பழைய டயரியில் பார்த்துத்தான் உறுதி செய்துகொண்டேன்.

ஒருமுறை தமிழ் வாத்தியார் இடம் காலியாகவே கிடக்கிறது என்று முறையிடத் திருவனந்தபுரம் போனேன். எம்.எல்.ஏ.க்கள் தங்கும் விடுதியில் அவருடைய அறைக்குள் நுழைந்தால் தரையில் எட்டுப் பேர் படுத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், வேலைக்கு அலைகிறவர்கள், கேஸ் நடத்துகிறவர்கள். ஒன்பதாவது பாயில் நான். விடிகாலையில் யாரோ எங்களை மிதிக்காமல் தாண்டித் தாண்டி நடப்பது தெரிந்து கண்ணைத் திறந்தேன். அவர்தான். ஸ்டவ்வில் பால் விடாத கட்டன் சாயா போட்டு ஒவ்வொரு தலைமாட்டிலும் ஒரு கிளாஸ் வைத்துக்கொண்டு போனார். அன்றைக்குச் சபையில் அவர் பேசியது நான்கு நிமிஷம். அந்த நான்கு நிமிஷத்துக்காக அவர் பகலெல்லாம் உட்கார்ந்திருந்ததைப் பார்வையாளர் மாடியிலிருந்து நான் பார்த்தேன். வாத்தியார் வர மேலும் பதினான்கு மாதம் ஆயிற்று. ஆனால் வந்தார்.

அவர் தோற்றுப்போயிருந்த சமயத்தில்தான் என் அப்பா இறந்தார். தோற்றவரிடம் அப்போது கார் இல்லை, பதவியும் இல்லை. பஸ்ஸில் வந்து, நிறுத்தத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் வெயிலில் நடந்து வந்தார். பந்தலில் அரைமணி நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டு, இழவு வீட்டு வழக்கப்படி யாரிடமும் சொல்லாமல் எழுந்து போனார். ஜெயித்தவர் அந்தப் பக்கமே வரவில்லை. நான் அந்த முறை ஜெயித்தவருக்குத்தான் ஓட்டுப் போட்டிருந்தேன்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது மணி பன்னிரண்டரை. பக்கத்துத் தோட்டத்துக்காரர், தேங்காய் மண்டி வைத்திருப்பவர், துண்டால் விசிறிக்கொண்டே வந்தார்.

“என்னங் வாத்தியாரே, உங்க எம்மெல்லே வருஷத்தக் கணக்குப் பண்ணி வர்றாருங்களா, இல்ல மாசத்தயா? பாயசம் கல்லாயிப்போச்சுங்க.”

ஆபீசுக்குப் போன் செய்தேன். எடுத்தது அவருடைய உதவியாளர், ஒற்றப்பாலத்துப் பையன்.

“மாஷே, புரோகிராம் நாளைக்கல்லவா? நீங்கதானே சொன்னீங்க, மேடம் ஒண்ணுன்னு. நாளைக்குத்தான் விஷு.”

போனை வைத்தேன்.

விஷயம் இதுதான். தமிழில் சித்திரை, மலையாளத்தில் மேடம், ஒரே மாசம். முப்பத்து மூன்று வருஷம் கரும்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் போட்டவன் நான். ஆனால் சூரியன் ராசி மாறுவது உச்சி தாண்டிய பிறகு என்றால், தமிழுக்கு அன்றே மாசப் பிறப்பு, மலையாளத்துக்கு மறுநாள். சில வருஷம் இரண்டும் ஒரே நாளில் வரும், சில வருஷம் வராது. நான் மரியாதைக்காக, அந்தப் பையனுக்குப் புரியட்டும் என்று, சித்திரையை மேடமாக மாற்றிச் சொல்லியிருக்கிறேன். ஏப்ரல் பதினாலு என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கு மேடம் தெரியாது. பாலக்காட்டுக்கு மேற்கே இருப்பவனுக்குச் சித்திரை தெரியாது. இரண்டும் தெரிந்த எங்களால் மட்டுமே இந்தத் தப்பைச் செய்ய முடியும்.

“போச்சாதுங்க,” என்றார் மண்டிக்காரர், வடையைக் கடித்துக்கொண்டே. “ஒரு நாள்தான? வாய்க்கா எங்கீங்க போயிரும்? நாளைக்கும் காஞ்சுதான் கெடக்கும்.”

என் மனைவி மட்டும், “நாற்காலிய மூணு தடவ எண்ணுனீங்களே, தேதிய ஒருக்கா எண்ணிப் பாத்திருக்கலாமுங்களே” என்றாள்.

சாமியானாவை இன்னொரு நாளைக்கு நீட்டச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். பாயசத்தை ஆளிருந்த முப்பத்தைந்து வீட்டுக்கும் பங்கிட்டார்கள்.

மறுநாள் விடிகாலை, இன்னும் இருட்டுப் பிரியவில்லை, என் மனைவி என்னை உலுக்கினாள். “ஏனுங்க, எந்திரிங்க. தண்ணி வந்திருக்குதுங்க.”

போய்ப் பார்த்தேன். வாய்க்காலில் தண்ணீர், நுங்கும் நுரையுமாக. துணி துவைக்கிற ஏழு படியில் மூன்று முழுகியிருந்தது. இரண்டு வருஷம் காத்திருந்த தண்ணீர். வேறு ஒரு நாளாக இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

எம்.எல்.ஏ. வருகிறார் என்றால் அவருடைய ஆபீசிலிருந்து சம்பந்தப்பட்ட ஆபீசுக்குத் தகவல் போகும். அது முறை. என் தப்பால் கால்வாய் ஆபீசுக்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தது. ஷட்டரைத் திறந்து விட்டார்கள். இன்னும் நாலைந்து மணி நேரத்தில் அவர் வருவார், நிறைந்து ஓடும் வாய்க்காலைப் பார்ப்பார். கண்ணால் பார்க்காததைப் பேசாத மனிதர், கண்ணால் பார்த்ததைத்தானே பேசுவார்? பத்தாவது பதிலும் அதேதான் வரும்: முறைப்படி செல்கிறது. அதற்குமேல் யாரிடம் போவது?

கரையில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

“மேலுக்கு மண்ணு மூட்ட போட்டு அடச்சர்லாமுங்களா?” என்றார் மண்டிக்காரர். “அவரு பாத்துப்போட்டுப் போனதும் எடுத்தர்லாம்.”

“ரெண்டு வருஷங் கழிச்சு வந்த தண்ணியையா?” என்றேன்.

“நீங்க பேசாதீங்க வாத்தியாரே. தண்ணி வந்ததே உங்களாலதான்.”

அதற்குள் பெண்கள் குடமும் கையுமாக இறங்கிவிட்டார்கள். என் மனைவி மண்வெட்டியை என் கையில் கொடுத்து, “அழுவறத அப்புறம் அழுங்க. மொதல்ல மடையத் தொறங்க” என்றாள். அழுதுகொண்டேதான் திறந்தேன் என்று சொல்லலாம். இருபத்து மூன்று மரத்துக்குப் பாய்ந்தது.

பத்து மணிக்குக் கார் வந்தது. எழுபத்தாறு வயது, என்னைவிட இரண்டு வயது மூத்தவர். வெள்ளை வேட்டி, தோளில் ஒரு சாதாரணக் குற்றாலத் துண்டு. விஷுவன்றைக்குக் கனி பார்த்துவிட்டு, மகள்கள் பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு வந்திருந்தார். நான் மாலையை எடுத்தேன். கையால் தடுத்து, நேரே வாய்க்கால் படிக்குப் போனார். தண்ணீரைப் பார்த்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார்.

“விஷுவன்னைக்குக் கூப்பிடறாங்களே, அவ்வளவு கஷ்டம் போலன்னு நெனச்சேன்” என்றார்.

நான் தேதிக் கதையைச் சொன்னேன். மண்டிக்காரர் இடையில் புகுந்து, “நேத்து இதுல எலி ஓடுச்சுங்க சார். சத்தியமாங்க” என்றார்.

எம்.எல்.ஏ. சிரிக்கவில்லை. “உங்க சித்திரையும் எங்க மேடமும் இந்த வருஷம் பேச்சுவார்த்தை இல்லை போல, மாஷே” என்றார். பிறகு, “இப்ப நான் என்ன செய்யறது? நேத்து காஞ்சு கெடந்ததுன்னு நீங்க சொல்றீங்க. இன்னைக்கு ஓடறதை நான் பார்க்கறேன்.”

அவர் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போனாலும் குறை சொல்ல முடியாது. பெரிய நாள், வீட்டில் இலை போட்டுக் காத்திருப்பார்கள்.

அவர் டிரைவரைக் கூப்பிட்டார். “வண்டியை எடுத்துட்டு வீட்டுக்குப் போ. மெதுவாப் போ. ஷட்டர் பக்கத்துல ஒரு டீக்கடை உண்டல்லோ, அங்க நிறுத்தி டீ குடிச்சுட்டுப் போ. பின் சீட்டுத் திரையை இழுத்து விட்டுக்கோ, வெயில் அடிக்குது.”

“சார் எப்படி வருவீங்க?”

“மாஷ் இருக்காரே.”

டிரைவர் என்னைப் பார்த்த பார்வையில் பெரிய நம்பிக்கை ஒன்றும் தெரியவில்லை. எம்.எல்.ஏ. என்ற சிவப்புப் பலகையை முன்னால் வைத்துக்கொண்டு, காலிப் பின் சீட்டோடு கார் போயிற்று. அப்போதுதான் எங்களில் ஒவ்வொருவருக்காகப் புரிந்தது. மண்டிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

இந்தத் தொகுதியில் அந்தக் கார் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்பதைப் பார்க்காத கண் கிடையாது. நாற்பது வருஷமாக அவருக்குத் தெரிந்த விஷயம் அது. கார் போய்விட்டால் அவர் போய்விட்டார்.

புளியமரத்தடியில் ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டோம். படுக்கவில்லை. ஏழு படியும் தெரிகிற மாதிரி திருப்பிப் போடச் சொல்லி உட்கார்ந்தார். பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. ஏப்ரல் மாச வெயில். மாவிலைகூடச் சுருண்டுகொண்டு நின்றது. அவருடைய போன் அடித்தபடி இருந்தது. ஒருமுறை மட்டும் எடுத்து, வீட்டில் யாருக்கோ, “எனக்கு எலை போட வேண்டாம். நீங்க சாப்பிட்டுக்கோங்க” என்றார்.

முந்தின நாள் விருந்து முடிந்துவிட்டது. வீட்டில் ஒன்றும் இல்லை. என் மனைவி அரிசியும் துவரம்பருப்பும் சேர்த்து அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கி, மேலே தேங்காயெண்ணெய் விட்டுக் கொண்டுவந்தாள். விஷுவன்றைக்கு அதுதான் அவருக்கு விருந்து. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

“இப்படி உக்காந்திருக்கறது உங்களுக்குச் சிரமமா இல்லைங்களா?” என்று கேட்டேன். எனக்குச் சிரமமாக இருந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து போய்ப் படியை எண்ணிவிட்டு வந்தேன்.

“எனக்கு வேற என்ன தெரியும், மாஷே? பேச்சாளர்னு என்னை யாரும் சொன்னதில்லை. சபையில ராத்திரி வரைக்கும் ஆள் இருக்காது, நான் இருப்பேன். எல்லாரும் எழுந்து போன பிறகு ஒரு விஷயம் வரும், அப்ப நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் அங்க உக்காந்திருக்கணும். ஆறு தடவை ஜனங்க அனுப்பினது அதுக்குத்தான்னு நெனச்சுக்கிட்டேன்.” சற்றுக் கழித்து, “மூலம் வந்ததுதான் மிச்சம்” என்று சேர்த்துக்கொண்டார்.

இரண்டே காலுக்கு நான் போய்ப் பார்த்தபோது கீழிருந்து மூன்றாவது படியின் விளிம்பு ஈரமாக வெளியே தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார். ஒன்றும் பேசாதே என்கிற மாதிரி கையை மட்டும் அசைத்தார். இரண்டே முக்காலுக்கு மூன்றாவது படி முழுசாக வந்துவிட்டது. மூன்றேகாலுக்கு இரண்டாவது. ஊரே கரையில் நின்றது. தண்ணீர் இறங்குவதை அத்தனை பேர் சேர்ந்து நின்று பார்த்த ஊர் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. நான்கு மணிக்கு வாய்க்காலின் நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு ஓர் ஓடை மட்டும் நெளிந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்று, சேறு மினுங்கியது.

அவர் எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். போனை எடுத்தார். மலையாளத்தில், ஏதோ மகளைக் கூப்பிடுகிற மாதிரிதான் பேசினார்.

“மோளே, விஷு எல்லாம் நல்லா ஆச்சா? ஒரு சாயா குடிக்க வர்றியா? நான் கடைமடையிலதான் இருக்கேன். ஆமா, காலையிலேர்ந்து.”

அந்தப் பக்கம் எவ்வளவு நேரம் மௌனம் என்று நான் எண்ணவில்லை. எண்ணத் தோன்றவில்லை, எனக்கு அது அபூர்வம்.

அரைமணி நேரத்தில் கால்வாய் ஆபீசின் இன்ஜினியர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். முப்பது வயது இருக்காது. கசவுச் சேலை, தலையில் முல்லைப்பூ. சேற்றைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், அவர் முன்னால் வந்து நின்றாள். பொய் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

“தொறக்கச் சொன்னதும் நான்தான் சார், அடைக்கச் சொன்னதும் நான்தான். இருக்கிற தண்ணி இவ்வளவுதான். இங்க விடணும்னா மேல நாலு பிராஞ்ச்ல ஏதாவது ஒண்ணுல குறைக்கணும். எதுல குறைக்கறதுன்னு நான் சொன்னா நாளைக்குக் காலையில என் மேஜையைச் சுத்தி நூறு பேர் நிப்பாங்க. எனக்கு முன்னால இருந்தவரும் சொல்லலை, அவருக்கு முன்னால இருந்தவரும் சொல்லலை.”

“உக்காரு” என்றார். சாயாவைக் கையில் கொடுத்தார். ஒரு கடுஞ்சொல் இல்லை. இவர் காலையிலிருந்து வெயிலில் உட்கார்ந்திருந்தது இந்தப் பெண்ணைத் திட்டுவதற்காக என்று நினைத்திருந்த எங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

“நான் சொன்னா எழுதுவியா?”

“சார் சொன்னா எழுதறேன்.”

“வாரத்துல ஒரு ராத்திரி. வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணி மொதல் வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி வரைக்கும். மூணாவது பிராஞ்ச்ல அடைச்சுட்டு இங்க விடு.”

அவள் கிளாஸைக் கீழே வைத்தாள். “மூணாவது பிராஞ்சா சார்? அது சாரோட...”

மூன்றாவது பிராஞ்ச் யாருடையது என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அவர் பிறந்த வீடு, அண்ணனுடைய மாந்தோப்பும் வயலும், பங்காளிகள், சம்பந்திகள் எல்லாம் அதில்தான். நான் பல தேர்தலில் அந்தப் பூத்தில் வேலை பார்த்திருக்கிறேன். அங்கே நூறு ஓட்டு விழுந்தால் எழுபது அவருக்கு. எங்கள் ஊரில் ஒரு முறைகூட அவருக்குப் பாதி வந்ததில்லை. இந்தக் கணக்கு எனக்குத் தெரியும் என்றால் அவருக்குத் தெரியாமலா?

“அதனாலதான் அதைச் சொல்றேன்” என்றார். “மத்த பிராஞ்ச்ல குறைச்சா நூறு பேர் உன்கிட்ட சண்டைக்கு வருவாங்க. இதுல குறைச்சா என் அண்ணன் ஒருத்தர்தான், அதுவும் என்கிட்டதான் வருவாரு. உனக்கு வேலை மிச்சம்.”

அவள் சிரித்துவிட்டாள். நாங்கள் சிரிக்கவில்லை. வாழ்நாளெல்லாம் ஒருவரைத் தூரத்திலிருந்தே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்: எத்தனை முறை ஜெயித்தார், எவ்வளவு வித்தியாசத்தில், எத்தனை நிமிஷம் பேசினார் என்று. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த எண்களுக்குள் அவர் எங்கேயும் இல்லை.

அவரை வீட்டில் கொண்டுபோய் விட ஓர் ஆட்டோ பிடித்தேன். கூடவே நானும் போனேன். ஷட்டரைத் தாண்டும்போது காவல்காரன் ஆட்டோவுக்குள் இருப்பவரைப் பார்த்துவிட்டு, பீடியை மறைப்பதா, கும்பிடுவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தான். எம்.எல்.ஏ. பதிலுக்குக் கும்பிட்டார். வழியில் மாங்காய் லாரிகள். ஒவ்வொன்றுக்கும் ஆட்டோ ஒதுங்கி நின்றது. அவர் தூங்கிவிட்டார். வீட்டு வாசலில் ஏழெட்டுச் செருப்புகள் கிடந்தன. நிவேதனக்காரர்கள், விஷுவென்று பாராமல் காத்திருந்தார்கள். அவர் முகம் கழுவாமலேயே அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு அதே ஆட்டோவில் திரும்பினேன்.

அந்த வியாழக்கிழமை ஆறு மணிக்கு நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். வராது என்றுதான் மனசு சொல்லிக்கொண்டிருந்தது. ஆறு நாற்பதுக்கு வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை வியாழக்கிழமைகளில் வருகிறது. ஷட்டர் பழுதான இரண்டு வாரமும், எல்லோருக்கும் தண்ணீர் இல்லாத ஒரு மாசமும் தவிர. ஐம்பத்து மூன்றில் இரண்டு மரம் அந்தக் கோடையிலேயே போயிற்று. அவை ஏற்கெனவே கொண்டை சாய்ந்தவை. மற்றவை நிற்கின்றன. பூட்டிக்கொண்டு போன ஆறு வீட்டில் இரண்டு வீட்டில் இப்போது மறுபடி அடுப்பு எரிகிறது.

மண்டிக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “நீங்க தேதியச் சரியாச் சொல்லியிருந்தீங்கனா, காஞ்ச வாய்க்காலப் பாத்துப்போட்டு அச்சச்சோன்னு போயிருப்பாருங்க. அடுத்த நோம்பிக்கும் நீங்களே தேதி சொல்லுங்க” என்கிறார். ஆனால் சாமியானாவுக்கும் சமையலுக்கும் வீட்டுக்கு இவ்வளவு என்று ஏற்கெனவே பேசி வைத்திருந்த பங்கைப் பற்றி அவரும் பேசவில்லை, வேறு யாரும் பேசவில்லை. தேதித் தப்பு என்னுடையது, நானும் கேட்கவில்லை.

அவருக்கு என்ன ஆயிற்று என்பதைக் கேள்விப்பட்ட வரையில் சொல்கிறேன். அந்த ஓணத்துக்கு அண்ணன் அவருடைய வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அடுத்த ஓணத்துக்கும் இல்லை. மூன்றாவது பிராஞ்சில் ஒரு கல்யாணத்துக்கு அவரை அழைக்காமல் விட்டார்கள். அழைக்காத கல்யாணத்துக்குப் போய்ப் பந்தலுக்கு வெளியே நின்று பெண் மாப்பிள்ளையைக் கும்பிட்டுவிட்டு வந்தாராம். இனி தேர்தலில் நிற்பதில்லை என்று சொல்லிவிட்டதாகவும் பேச்சு. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது. அவருக்கு ஆன செலவைக் கூட்டிப் பார்க்க உட்கார்ந்தேன். எதைத் தொகையாகப் போடுவது என்று தெரியாமல் பென்சிலை வைத்துவிட்டேன்.

எனக்கு ஆனதைச் சொல்ல முடியும். சாமியானா இரண்டு நாளைக்கு மூவாயிரம். நாற்காலி நாற்பது, ஒன்றுக்கு எட்டு ரூபாய், இரண்டு நாள், அறுநூற்று நாற்பது. சமையல் சாமான் நாலாயிரத்து எண்ணூற்று அறுபது. போடாத மாலை நூற்று எண்பது. ஆட்டோ போக வர அறுநூற்று ஐம்பது. ஆக மொத்தம் ஒன்பதாயிரத்து முந்நூற்று முப்பது ரூபாய்.